மாத்திரையின் நிறத்தைப் படிக்கிறவர்கள்

விடியற்காலை நாலரை மணிக்கு அந்த அம்மாவை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். உடம்பெல்லாம் வேர்வை, கை நடுக்கம், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில். காற்றுக் கருப்பு பட்டிருக்கும் என்று வீட்டில் முதலில் திருநீறு பூசிப் பார்த்திருக்கிறார்கள். இரவுப் பணியில் இருந்த செவிலியர் விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 48, அடிமட்டத்துக்குப் போயிருந்தது. குளுக்கோஸ் ஏற்றிய சிறிது நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, "கடலுக்குப் போக நேரமாகிவிட்டதே" என்றாராம்.

காலையில் நான் வேலைக்கு வந்தபோது செவிலியர் அவருடைய மஞ்சள் பையை என் மேசைமேல் வைத்தார். உள்ளே நான் கொடுத்த மாத்திரை உறைகள். என் கையெழுத்து.

நான் அரசு மருந்தாளுநர். இராமநாதபுரம் கடற்கரையில் பத்தொன்பது ஆண்டுகளாக ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று மாத்திரை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஊரில் இன்னும் கம்பவுண்டர் என்றுதான் சொல்வார்கள். அந்த அம்மா மன்னார் வளைகுடாவில் பாசி எடுப்பவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு மூழ்கினால், கலங்கிய தண்ணீரிலும் கைபட்டதை வைத்தே இது மரிக்கொழுந்து, இது கட்டக்கோரை, இது கஞ்சிப்பாசி என்று பிரித்துவிடுவார். எடை போடுகிற வியாபாரி அரைக் கிலோ குறைத்தால் மனக்கணக்கிலேயே பிடித்துவிடுவார். அவருக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு.

நடந்தது இதுதான். அவர் இரண்டு ஆண்டுகளாகச் சாப்பிட்டு வந்த சர்க்கரை மாத்திரை வெள்ளை, காலையில் ஒன்று மட்டும். பிரஷர் மாத்திரை இளஞ்சிவப்பு, காலையும் இரவும். அந்த மாதம் வேறு கம்பெனியின் சரக்கு வந்தது. மருந்து அதேதான், அளவும் அதேதான், நிறம் மட்டும் இடம் மாறிவிட்டது. சர்க்கரைக்கான கிளிமிபிரைடு இளஞ்சிவப்பாகவும், பிரஷருக்கான எனலாப்ரில் வெள்ளையாகவும் வந்தன. உறையில் நான் சரியாகத்தான் எழுதியிருந்தேன். ஆனால் கூட்டம் இருந்ததால் வாயால் ஒரே வார்த்தைதான் சொன்னேன்: "வழக்கம்போல."

அவரும் வழக்கம்போலவே சாப்பிட்டார், சிவப்பு இரண்டு வேளை, வெள்ளை ஒரு வேளை. கடலுக்குப் போய் வந்த அசதியில் இரவு இரண்டு வாய் கஞ்சியோடு படுத்துவிடுகிற உடம்பில் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை இரண்டாவது முறையாக இறங்கினால் என்ன ஆகும் என்பதை அந்த 48 சொல்லிவிட்டது.

என்னை உறுத்தியது இன்னொன்று. மருந்து வாங்கியதற்கு அடையாளமாகப் பதிவேட்டில் அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். கைநாட்டு வைத்திருந்தால் ஒருவேளை நானே நிதானித்திருப்பேன். கையெழுத்துப் போடுகிறவருக்குப் படிக்கத் தெரியும் என்று அத்தனை ஆண்டுகளாக நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு கேட்டபோது சொன்னார்: மகளிர் குழுவில் சேர்ந்தபோது வங்கிக்குத் தேவை என்று பக்கத்து வீட்டுப் பெண் சொல்லிக் கொடுத்தாளாம். ஐந்து எழுத்து. கோலம் போடக் கற்றுக்கொள்வதுபோலப் புள்ளி வைத்து இழுத்துக் கற்றுக்கொண்டிருக்கிறார். அந்த ஐந்தில் ஒரு எழுத்தைத் தனியாக எழுதிக் காட்டி இது என்ன என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, "அது என் பேரில் வருகிற எழுத்து, தம்பி" என்றார்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 7 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒருவர் ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் முடிந்தால் எழுத்தறிவு பெற்றவர். 2011 கணக்கில் தமிழ்நாட்டில் ஆண்களில் சுமார் 87 சதவீதம், பெண்களில் சுமார் 73 சதவீதம். இதற்காக யாரும் தேர்வு வைப்பதில்லை. வாசலில் நின்று கேட்பார்கள், வீட்டில் இருப்பவர் சொல்வதை எழுதிக்கொள்வார்கள். "கையெழுத்துப் போடும்" என்று மகன் சொன்னால் அந்த அம்மாவும் எழுத்தறிவு பெற்றவர்தான். புள்ளிவிவரத்தைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. என் ஜன்னலில் நானும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

எதிர்ப்பக்கத் தவறையும் செய்திருக்கிறேன். கொஞ்ச காலம் கீழக்கரைப் பக்கம் வேலை பார்த்தேன். எழுபது வயதைத் தாண்டிய முஸ்லிம் பெண்மணி ஒருவர் வருவார். தமிழ் படிக்கத் தெரியாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஆகவே உறையில் சூரியனும் பிறையும் வரைந்து கொடுப்பேன். ஒரு நாள் என்னிடமிருந்தே பேனாவை வாங்கி, உறையின் வலது ஓரத்தில் தொடங்கி இடப்பக்கமாக ஏதோ எழுதினார். என்ன என்று கேட்டேன். "காலை, சாப்பாட்டுக்குப் பின். நீங்கள் சொன்னதைத்தான் எழுதினேன்" என்றார். அரபு எழுத்து, தமிழ்ச் சொல். அரபுத்தமிழ்! கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றவர்கள் நூல்களே எழுதிய எழுத்துமுறை. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக எழுத்துகளில் கூடுதல் புள்ளிகளை வைத்து உருவாக்கியது. அந்தப் பாட்டி சிறுமியாக ஓதப் போன இடத்தில் கற்றதை அறுபது ஆண்டுகளாகக் கைவிடவில்லை. நானோ அவருக்குப் பொம்மை வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அதன்பிறகு அவருக்கு நான் வரையவில்லை. சொல்லுவேன், அவரே எழுதிக்கொள்வார். ஒருமுறைகூட மாத்திரை தப்பவில்லை.

இந்த இருவரில் ஒருவருக்குக் கையெழுத்து இருந்தது, எழுத்து இல்லை. மற்றவருக்கு எழுத்து இருந்தது, எங்கள் பதிவேட்டில் கைநாட்டு. மருந்து கொடுக்கும் இடத்தில் இருப்பவர்களும் வங்கியில் இருப்பவர்களும் இதை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

"அதான் பிள்ளைகள் படித்திருக்கிறார்களே, வாசித்துச் சொல்ல மாட்டார்களா?" என்று கேட்பார்கள். சொல்கிறார்கள்தான். எங்கள் கரையில் இப்போது பெண் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள். பையன்கள்தான் ஒன்பதாவதிலேயே வலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் மகள் கட்டிக்கொடுத்துப் போய்விடுவாள். இன்னொரு சங்கடமும் இருக்கிறது. வெள்ளைப்படுதலுக்கு மருந்து வாங்கிய பெண், அதை எப்போது, எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று பதினாறு வயது மகனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்ல முடியுமா? ஒரு பெண் அந்த மருந்தைப் பிரிக்காமலேயே மூன்று மாதம் அரிசிப் பானைக்குள் வைத்திருந்துவிட்டு, நோய் முற்றிய பிறகு வந்தார். கருத்தடை மாத்திரையும் அப்படித்தான். யாரிடமும் கேட்காமல் தன் உடம்பைப் பற்றித் தானே படித்துத் தெரிந்துகொள்வது என்பது மேடையில் பேசுகிற "பெண் கல்வி"க்குள் வருவதே இல்லை. எனக்கு அதுதான் முதல் காரணமாகப் படுகிறது.

எழுத்தை விட்டுவிட்டு அடையாளத்தால் சமாளிக்கலாம் என்று பார்த்தால் அதுவும் கைகொடுப்பதில்லை. ஆன்டிபயாடிக் மாத்திரை அட்டைகளில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். மருத்துவர் சொல்லாமல் சாப்பிடாதே என்று பொருள். 2016இல் இதற்கென்று விழிப்புணர்வுப் பிரசாரமே நடந்தது. எங்கள் ஊரில் ஒருவர் என்னிடம், "கோடு போட்டது கொடுங்கள், அதுதான் பவர் உள்ளது" என்று கேட்டார்.

வளரும் நாடுகள் பலவற்றிலும் கதை ஏறக்குறைய இதுதான். உலகில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள் என்று யுனெஸ்கோ பல பத்தாண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. மொத்த எண்ணிக்கை குறைந்தும் இந்த விகிதம் பெரிதாக அசையவில்லை. 1979இல் ஜான் கால்டுவெல் என்ற ஆஸ்திரேலிய மக்கள்தொகை அறிஞர் நைஜீரியாவில் செய்த ஆய்வை வெளியிட்டார். குழந்தை பிழைப்பதில் தாயின் படிப்புக்குத் தனிப் பங்கு இருக்கிறது. குடும்பத்தின் வசதியை மட்டும் வைத்து அதை விளக்கிவிட முடியாது என்றார். 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு 175 நாடுகளை எடுத்துக்கொண்டு, 1970 முதல் 2009 வரை ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் இறப்பு குறைந்ததில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம் பெண்களின் படிப்பு கூடியதுதான் என்று கணக்கிட்டது. தடுப்பூசி, உப்புக் கரைசல், மருத்துவமனை எல்லாம் வந்த அதே காலம் அது.

இதைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆச்சரியம் வரவில்லை. உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். அது பொட்டலத்தில் அச்சடித்திருக்கிறது. படிக்க முடியாத தாய் ஒரு டம்ளரில் கொஞ்சம் தூவிக் கலக்குகிறார். உப்பின் அளவு தப்பிப்போகிறது, பிள்ளையும் துப்பிவிடுகிறது. கூடவே கொடுக்கும் துத்தநாக மாத்திரை 14 நாள். பேதி மூன்றாம் நாளே நின்றுவிடும், மாத்திரையும் அதோடு நின்றுவிடும். படித்த தாய் உறையைத் திருப்பிப் பார்த்து, "பதினான்கு என்று போட்டிருக்கிறதே, இன்னும் ஏன்?" என்று வந்து கேட்கிறார். அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. கால்டுவெல்லும் இதையே வேறு வார்த்தையில் சொல்கிறார்: படித்த பெண் வீட்டிலும் மருத்துவமனையிலும் கேள்வி கேட்கிறாள், விதியென்று விட்டுவிடுவதில்லை.

பள்ளிக்கூடப் பெண்களுக்கு நாடுகள் செய்ததைக் குறைத்துச் சொல்ல முடியாது. வங்காளதேசம் 1994இல் கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி உதவித்தொகை கொடுக்கத் தொடங்கி, பள்ளியில் பையன்களை எட்டிப் பிடிக்க வைத்தது. ஆனால் நாற்பதைத் தாண்டிய தாய்மார்களைப் பல நாடுகள் சத்தமில்லாமல் கைகழுவிவிடுகின்றன. இந்தத் தலைமுறை போனால் எழுத்தறியாமையும் போய்விடும் என்று ஒரு நினைப்பு. அந்தத் தலைமுறைக்குத்தான் இன்றைக்குச் சர்க்கரையும் பிரஷரும். ஆளுக்கு நான்கு மாத்திரை.

பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த அறிவொளிக் காலம் எனக்கு நினைவிருக்கிறது. 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் பெண்கள் அரிக்கேன் விளக்கில் படித்து, சைக்கிள் ஓட்டவும் பழகினார்கள். அன்று எழுத்துக் கூட்டியவர்கள் சிலர் என் ஜன்னலுக்கு வருகிறார்கள். பாதிப் பேருக்கு மறந்துவிட்டது. படிக்க எதுவும் கையில் வராததால்தான் மறந்தது. இப்போது 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக 2022 முதல் 2027 வரை புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் நடக்கிறது. இதை நடத்துபவர்களை நான் வேண்டிக்கொள்வது, வகுப்பைக் கடல் நாட்காட்டிப்படி வையுங்கள் என்பதுதான். பாசிக்குப் போகாத நாட்களில், காற்று பலமான நாட்களில் வைத்தால் வருவார்கள். பாடப் புத்தகத்தோடு அவரவர் மாத்திரை உறையையும் ரேஷன் கார்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். தினமும் கையில் படுகிற எழுத்து மறக்காது.

அதுவரை நான் என் பங்குக்குச் சில பழக்கங்களை மாற்றிக்கொண்டேன். மாத்திரையை நிறம் சொல்லிக் கொடுப்பதில்லை, பெயர் சொல்லிக் கொடுக்கிறேன். கடைக்காரப் பெண்மணி ஒருவர் இப்போது "மெட்பார்மின் தீர்ந்துவிட்டது" என்று சர்க்கரை மாத்திரையைப் பெயர் சொல்லியே கேட்கிறார், காதுக்கு இனிமையாக இருக்கிறது. "புரிந்ததா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன், அதற்கு யாரும் "இல்லை" என்று சொல்ல மாட்டார்கள். "வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சாப்பிடுவீர்கள், எனக்குச் சொல்லுங்கள்" என்கிறேன். பழைய மாத்திரை மீதியிருந்தால் கொண்டுவரச் சொல்லி, புதியதோடு பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். மாத்திரை அட்டைகளில் ஆங்கிலமும் சிலவற்றில் இந்தியும்தான் இருக்கின்றன. தமிழ் படிப்பவருக்கும் அது சுவர்தான். ஆகவே உறையில் பெரிய எழுத்தில், தமிழில், நானே எழுதுகிறேன். அட்டையைக் காலாவதித் தேதி இல்லாத முனையிலிருந்து பிரிக்கச் சொல்கிறேன். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் வேர்த்து நடுங்கினால், நினைவு இருக்கும்போதே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடுங்கள். திருநீறு பிறகு பூசிக்கொள்ளலாம்.

அந்தப் பாசிக்கார அம்மா இப்போது பேத்தியிடம் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறார். உறையில் "காலை", "இரவு" இரண்டும் வந்துவிட்டன. "மதியம்" இன்னும் தகராறு. பதிவேட்டை நீட்டினால் முன்போலச் சட்டென்று ஐந்து எழுத்தை இழுத்துவிட்டுப் போவதில்லை. வரிமேல் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக நகர்கிறார். பின்னால் நிற்பவர்கள் "சீக்கிரம் போடுக்கா" என்று முணுமுணுக்கிறார்கள். போன மாதமும் அப்படித்தான் நின்றார். விரல் பாதியில் நின்றது. "தம்பி, இது என் பேர் இல்லையே" என்றார்.

குனிந்து பார்த்தேன். அடுத்தவருடைய வரியைத்தான் காட்டியிருந்தேன்.