அளாவு மரமும் சுமைப் பகிர்வும்: மல்டிபிள் ஸ்பேனிங் ட்ரீயைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ஆங்கில 'ஸ்பேன்' பழைய பொருளில் நம்ம சாண்தான், விரித்த கையில் கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் நடுவே உள்ள அளவு. அப்புறம் அது எட்டுவது, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை நீள்வது என்று விரிந்தது. கணிதத்தில் ஸ்பேனிங் ட்ரீ என்றால் எல்லாப் புள்ளிகளையும் தொட்டும் எங்கேயும் வளையம் போடாத மரம். 'மரம்' என்ற பெயரை அங்கே வைத்தவர் ஆர்தர் கெய்லி, 1857இல்.

அதனால் ஸ்பேனிங் ட்ரீக்கு 'பரவு மரம்' என்ற மொழிபெயர்ப்பு எனக்குப் பிடிக்கவில்லை. தீயும் நோயும்கூடப் பரவும், ஆனால் ஒன்று விடாமல் தொடும் என்ற பொருள் அதில் இல்லை. வானளாவிய என்கிறோமே, அந்த அளாவுதல் போய் எட்டுவதைச் சொல்கிறது. அளாவு மரம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

1985இல் ரேடியா பெர்ல்மேன் இதை நெட்வொர்க்குக்குக் கொண்டுவந்தார். கணினிகளைக் கேபிளால் இணைக்கும் பெட்டிகளான ஸ்விட்சுகளுக்கு இடையே வளையம் இருந்தால், எல்லோருக்குமாக அனுப்பும் பிராட்காஸ்ட் செய்தி சுற்றிச் சுற்றிப் பெருகி எல்லாவற்றையும் முடக்கிவிடும், இத்தனை தாவலோடு நில் என்று அதை நிறுத்த ஈத்தர்நெட்டில் ஆயுள் எண்ணிக்கையும் கிடையாது. ஆகவே ஸ்விட்சுகள் தங்களுக்குள் ஒரு மரத்தை அமைத்துக்கொண்டு மிச்ச வழிகளை அடைத்துவிடும். ஒன்றோடொன்று நேராக இணைத்த 4 ஸ்விட்சுகளுக்கு 6 கேபிள், ஓடுவது 3, மீதி 3 சும்மா கிடக்கும்.

ஆனால் அதே 6 கேபிளில் 16 விதமான மரங்கள் வரையலாம்! வீலேன்களை, அதாவது ஒரே கேபிளில் தனித்தனியாக ஓடும் மெய்நிகர் நெட்வொர்க்குகளை, கூட்டமாகப் பிரித்து ஆளுக்கொரு மரம் கொடுத்தால், ஒரு மரத்தில் அடைபட்ட வழி இன்னொன்றில் திறந்திருக்கும். 2002இல் வந்த 802.1எஸ் என்ற மல்டிபிள் ஸ்பேனிங் ட்ரீ தரநிலை செய்தது இதைத்தான். உதாரணமாக, வீலேன் 1 முதல் 100 வரை முதல் மரம், வேர், அதாவது மரம் கிளம்பும் இடம், ஒரு ஸ்விட்ச். 101 முதல் 200 வரை இரண்டாம் மரம், வேர் வேறொரு ஸ்விட்ச். எந்த ஸ்விட்ச் வேராகும் என்பதைத் தீர்மானிக்கும் முன்னுரிமை எண்ணை மாற்றாமல், எல்லாவற்றையும் இயல்பாக இருக்கும் 32768இலேயே விட்டால் இரண்டுக்கும் ஒரே வேர்தான் அமையும், பிரித்ததில் பயனே இல்லை. பலர் சறுக்குவது இங்கேதான்.

இப்படிப் பிரித்த ஒவ்வொரு மரத்தையும் ஆங்கிலத்தில் சொல்லும் 'இன்ஸ்டன்ஸ்' என்பதை நிகழ்வு என்று மொழிபெயர்த்தால் ஏதோ நடந்ததுபோல் இருக்கிறது. முதல் மரம், இரண்டாம் மரம் என்றாலே போதும்.

சரி, லோட் பேலன்சிங்? சுமைச் சமன் என்கிறார்கள். ஆனால் இங்கே எதுவும் எடை பார்த்துச் சமன் செய்வதில்லை, எந்த வீலேன் எந்த மரம் என்று நாம் எழுதிவைத்தபடிதான் போகும். சுமைப் பகிர்வுதான் சரி. முதல் மரத்து வீலேனில் பேக்கப் ஓடி கேபிள் திணறினாலும், இரண்டாம் மரம் காலியாக இருக்கிறதே என்று ஒரு பாக்கெட்கூட அங்கே தாவாது.