வாழ்க்கை நோக்கம் தெரியும்வரை காத்திருக்காதீர்கள்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகிச் சில வாரங்களில் என்னிடம் உளவளத்துணைக்கு வரும் பிள்ளைகள் இப்போதெல்லாம் ஒரே வசனத்தோடுதான் வருகிறார்கள். "என்ட வாழ்க்கையின்ட நோக்கம் என்னெண்டு விளங்கல்ல. அது விளங்கினாத்தான் எதையும் தொடங்கலாம்." நிலாவெளி, மூதூர், கிண்ணியா, எங்கிருந்து வந்தாலும் இதுதான். கையில் தன்முன்னேற்றக் கருத்தரங்குக் குறிப்புகள், ஃபோனில் பேச்சுக் காணொளிகள், பரீட்சைக்குப்பின் வீட்டில் முடங்கிய ஏழெட்டு மாதங்கள். இந்த மாதமும் அப்படி ஒரு பிள்ளை வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கருத்தரங்குகளிலும் காணொளிகளிலும் இவர்களுக்குச் சொல்லப்பட்டிருப்பது இதுதான்: நோக்கம் உங்களுக்குள் ஏற்கெனவே முழுதாக இருக்கிறது. "நீ உதவாதவன்" என்று உள்ளே திட்டுகிற குரலை முதலில் அடக்குங்கள். அடங்கியதும் நோக்கம் தெரியும். தெரிந்ததும் செயலில் இறங்குங்கள்.

இந்த வரிசை தலைகீழானது. தயவுசெய்து இதை நம்பாதீர்கள்.

குரலை அடக்கும் முயற்சியிலிருந்து தொடங்குவோம். 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் சிலரிடம் வெள்ளைக் கரடியை நினைக்காமல் இருக்கச் சொன்னார். அவர்களால் முடியவில்லை. தடையை நீக்கியதும், முதலிலிருந்தே நினைக்க விடப்பட்டவர்களைவிட அதிகமாக நினைத்தார்கள். உள்ளே திட்டும் குரலும் இப்படித்தான், அமுக்க அமுக்கத் திரும்பி வரும். கண்ணாடி முன் நின்று "நான் வெற்றியாளன்" என்று நூறு தடவை சொல்லும் பயிற்சி இன்னும் மோசம். கனடாவில் 2009இல் வெளியான ஆய்வொன்றில், தன்மதிப்புக் குறைந்தவர்கள் "நான் அன்புக்குரியவர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னபின், அப்படிச் சொல்லாதவர்களைவிட மனம் சோர்ந்திருந்தார்கள். அந்த வசனத்தை அவர்களுடைய மனமே உடனே மறுத்துவிடுகிறது. ஏற்கெனவே நன்றாக இருப்பவர்களுக்குத்தான் அதனால் சிறிது பலன் கிடைத்தது. யாருக்குத் தேவையோ அவர்களைக் காயப்படுத்தும் மருந்தை ஏன் கொடுக்கிறீர்கள்?

அடுத்தது கருத்தரங்குகளில் காட்டும் நான்கு வட்டப் படம். பிடித்தது, திறமை உள்ளது, உலகுக்குத் தேவையானது, சம்பளம் தருவது, இவை சந்திக்கும் இடமே நோக்கம் என்பார்கள். பழைய ஜப்பானிய ஞானம் என்று சொல்லித் தருகிறார்கள். அந்தப் படம் ஸ்பெயின்காரர் ஒருவர் வரைந்தது. 2014இல் ஒரு வலைப்பதிவர்தான் அதன் நடுவில் 'இக்கிகை' (வாழ்வதற்கான காரணம்) என்ற ஜப்பானியப் பெயரைப் போட்டார். அது இருக்கட்டும். எங்களுக்கு அதைவிடப் பெரிய சிக்கல் இருக்கிறது. பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குத் தனக்கு எதில் திறமை, எதற்குச் சம்பளம், யாருக்கு எது தேவை என்று எப்படித் தெரியும்? வகுப்பு, டியூசன், வீடு தவிர அது வேறெதையும் செய்து பார்க்கவில்லையே! வெற்று வட்டங்களைப் பார்த்துவிட்டு "என்னிடம் ஒன்றுமில்லை" என்ற முடிவுக்கு வருகிறது. திட்டும் குரலுக்கு அதுவே புதிய ஆதாரமாகிவிடுகிறது.

நோக்கம் செய்து பார்த்தபின் மெல்ல உருவாவது. குரல் சத்தமாக இருக்கும்போதே செய்யத் தொடங்கலாம்.

ஒரு கொப்பி எடுங்கள். ஏழு நாள், குரல் திட்டும்போதெல்லாம் நான்கு விடயங்களை எழுதுங்கள்: நேரம், அதற்குச் சற்று முன் நடந்தது, அது சொன்ன சரியான வசனம், அதன்பின் நீங்கள் செய்தது. சுருக்கி எழுத வேண்டாம், திட்டியபடியே எழுதுங்கள். பெரும்பாலும் மூன்று நான்கு வசனங்கள்தான் சுற்றிச் சுற்றி வருவது தெரியும். அதிலொன்று "அந்தப் பிள்ளையப் பார், மொரட்டுவை கம்பசுக்கு எடுபட்டிட்டான்" என்று வீட்டில் கேட்ட வசனமாகவே இருக்கும். (பெற்றோரே, இதை வாசிக்கிறீர்கள்தானே?)

பிறகு வசனங்களைப் பிரியுங்கள். "நேற்று இரசாயனவியல் வினாத்தாள் செய்யவில்லை" என்பதில் செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது. அதை மறுநாளுக்குள் செய்யுங்கள். "நீ ஒன்றுக்கும் உதவாதவன்" என்பதில் செய்ய எதுவும் இல்லை, அது வெறும் தீர்ப்பு. அதோடு வாதாட வேண்டாம். "அந்த வசனம் திரும்பவும் வந்திருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு, கையில் இருந்த வேலையைத் தொடருங்கள். கடினமான நேரத்தில் 'நான்' என்பதை விட்டு, உங்கள் பெயரைச் சொல்லி உங்களோடு பேசுங்கள். கொஞ்சம் விலகி நின்று பார்க்க அது உதவும்.

இதோடு சேர்த்து, யாரும் சொல்லாமல் நீங்களாக விரும்பிச் செய்த ஐந்து காரியங்களை எழுதி, அவற்றில் இரண்டைத் தெரிவு செய்யுங்கள். புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது, மாமாவோடு போட் எஞ்சின் கழற்றிப் பூட்டுவது, உப்புவெளிக் கடற்கரையில் குப்பை பொறுக்குவது, எதுவானாலும் சரி. வாரம் இரண்டு தடவை, அரை மணித்தியாலம், ஆறு வாரம். ஒவ்வொரு முறையும் முடித்ததும் மகிழ்ச்சிக்கு ஒரு புள்ளி, நிறைவுக்கு ஒரு புள்ளி, 0 முதல் 10 வரை, தனித்தனியாகப் போடுங்கள். இரண்டும் ஒன்றல்ல. களைப்பாக இருந்தும் நிறைவு 7 வரும் வேலையைக் கவனியுங்கள், வழி அந்தப் பக்கம் இருக்கலாம்.

இது பிழையாகிப் போவது எங்கே என்றும் சொல்லிவிடுகிறேன். விடிய ஐந்து மணிக்கு எழும்பி தினமும் இரண்டு மணித்தியாலம் என்று தொடங்குவார்கள், நான்காம் நாள் விட்டுவிடுவார்கள். மற்றவர்கள் மெச்சும் வேலையைத் தெரிவு செய்வார்கள். முதல் நாளே முகநூலில் போட்டு, விருப்பக்குறிகளை எண்ணுவார்கள். இரண்டாம் வாரம் உற்சாகம் வடியும், அது இயல்பு. "இது என்ட நோக்கம் இல்லைபோல" என்று அப்போது நிறுத்தாதீர்கள்.

கொப்பி போதாத நிலைகளும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேலாக, அநேகமாக ஒவ்வொரு நாளும், மனச்சோர்வோ எதிலும் நாட்டமின்மையோ இருந்து, தூக்கமும் பசியும் குழம்பியிருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். தைரொயிட் குறைபாடும் இரத்தச்சோகையும் இதேபோல் காட்டும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் தேவை. குரல் மனதுக்குள் இல்லாமல் வெளியிலிருந்து காதில் விழுவதுபோல் கேட்டால் கருத்தரங்குக்கோ மந்திரிப்பதற்கோ கூட்டிப் போகாமல், நேரே வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டி வாருங்கள். "விசர் எண்டு சொல்லுவாங்க" என்று தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் சிகிச்சையைக் கடினமாக்கும்.

செத்துப் போகலாம் என்று பிள்ளை சொன்னால் அதை வெறும் பேச்சென்று விடாதீர்கள். தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினியையும் அன்றே பூட்டி வையுங்கள். இலங்கையின் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926.