நட்டைத் திருப்புங்கள், கேபிளை அல்ல

"ரீடிங் ஆடுது சார்" என்ற புகாரோடு வரும் நெட்வொர்க் அனலைசரை (ரேடியோ அலைவரிசையில் கேபிள், ஆன்டெனா போன்றவற்றைச் சோதிக்கும் கருவி) நான் உடனே ஆன் செய்வதில்லை. பூதக்கண்ணாடியை எடுத்து, கேபிள் மாட்டும் கனெக்டருக்குள் பார்ப்பேன். அளவுக் கருவிகளின் துல்லியத்தைச் சரிபார்க்கும் கலிபரேஷன் பெஞ்சில் உட்கார்ந்து பழகிய வழக்கம் இது.

ஒருமுறை அப்படி வந்த கருவியில் கோளாறே இல்லை. கூட வந்த டெஸ்ட் கேபிளின் 3.5 மி.மீ. ஃபீமேல் முனையில்தான் சங்கதி (ஹெட்போன் ஜாக் அல்ல, மரை போட்டு மாட்டும் ரேடியோ அலைவரிசைக் கனெக்டர்). நடுவில் பின்னைக் கவ்விப் பிடிக்கும் மெல்லிய விரல்களில் ஒன்று உள்பக்கமாக மடங்கிக் கிடந்தது. கேபிளை லேசாக அசைத்தால் திரையில் கோடு துள்ளியது. எப்படி ஆயிற்று என்று பையைத் துழாவியபோது மலிவான எஸ்எம்ஏ (இதுவும் மரை போட்டு மாட்டும் ஒரு கனெக்டர் வகை) அடாப்டர் ஒன்று கிடைத்தது. அதன் நடுப்பின், இருக்க வேண்டிய மட்டத்தைத் தாண்டி வெளியே நீண்டிருந்தது. எஸ்எம்ஏவும் 3.5 மி.மீ.யும் மரை ஒன்றேயானதால் மறுப்பில்லாமல் சேர்ந்துவிடும். முகத்தில் வெள்ளை டெஃப்லான் தெரிந்தால் எஸ்எம்ஏ. வெறும் காற்று இடைவெளியாக இருந்தால் 3.5 மி.மீ. அல்லது அதோடு சேரும் 2.92 மி.மீ. வகை. பார்க்க இரண்டு நொடி போதும், யாரும் பார்ப்பதில்லை.

இன்னும் பெரிய கனெக்டரான என்-டைப்பிலும் இதே ஆபத்து உண்டு. அதில் 50 ஓம், 75 ஓம் என்று இரண்டு வகை. 50 ஓம் வகையின் நடுப்பின் பருமனானது. அதை 75 ஓம் ஃபீமேலில் திணித்தால் விரல்கள் விரிந்துபோகும்.

மாட்டும்போது இரண்டு முனைகளையும் நேராகப் பிடித்து, நட்டை மட்டும் திருப்புங்கள். கேபிளின் உடலைத் திருகினால் நடுப்பின் உள்ளேயே உரசிச் சுழன்று, தங்கப் பூச்சைச் சுரண்டிவிடும். கையால் இறுக்கிய பிறகு, குறித்த அளவு மட்டுமே இறுக்கும் டார்க் ரெஞ்ச். 3.5 மி.மீ.க்கு 8 இன்ச்-பவுண்ட், அதாவது சுமார் 0.9 நியூட்டன் மீட்டர். பித்தளை எஸ்எம்ஏவுக்கு 5 போதும். ரெஞ்ச் மடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். "இன்னும் ஒரு அழுத்து" என்பது சைக்கிள் கடைப் பழக்கம்.

வாயால் ஊதுவதை எங்கள் லேப்பிலேயே நிறுத்தப் பெரும்பாடு பட்டேன். எச்சில் ஈரம் அப்படியே உள்ளே போய் ஒட்டிக்கொள்கிறது. நூல் பிரியாத ஸ்வாபில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு, மரையையும் முகத்தையும் துடையுங்கள். நடுப்பின்னைப் பக்கவாட்டில் தள்ளாதீர்கள். டெஃப்லான் இல்லாத காற்றிடை கனெக்டரில் அது பாசிமணி போன்ற ஒரு சிறு தாங்கலில்தான் நிற்கிறது.

மேசையில் சும்மா கிடந்த கேபிளில் ஸ்டாட்டிக் மின்னூட்டம் தேங்கியிருக்கலாம். மணிக்கட்டுப் பட்டையை எர்த்தில் மாட்டிக்கொண்டு, அது வடிந்துபோக, கேபிளின் மறுமுனையில் ஷார்ட்டையோ (நடுக்கம்பியையும் வெளி உறையையும் நேரடியாக இணைக்கும் மூடி) 50 ஓம் லோடையோ (அவற்றை 50 ஓம் மின்தடை வழியாக இணைப்பது) பொருத்திய பிறகே கருவியில் இணையுங்கள். தினமும் பலமுறை கழற்றி மாட்டுகிறீர்கள் என்றால், கருவியின் போர்ட்டிலேயே (கேபிள் மாட்டும் வாய்) அதைத் தேயாமல் காக்கும் ஒரு சேவர் அடாப்டரை நிரந்தரமாக விட்டுவிடலாம். தேய்ந்தால் அதைத்தானே மாற்றப்போகிறோம், போர்ட்டை அல்ல.

பெட்டி பிரித்த அன்றே கனெக்டர்களின் பிளாஸ்டிக் மூடிகளைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். நான் அவற்றைக் கழுவிக் காயவைத்து ஒரு பழைய டிபன் டப்பா நிறையச் சேர்த்திருக்கிறேன். கருவி திரும்பிப் போகும்போது போர்ட்டுக்கு ஒன்று மாட்டித்தான் அனுப்புகிறேன். அடுத்த முறை வரும்போது பாதி காணாமல் போயிருக்கும்.