மொட்டை மாடியில் நெடுக்கச் சூத்திரம் செல்லாது

எறிபொருள் கணக்கைக் கண்டதும் பிளஸ் ஒன் மாணவர்கள் பலர் யோசிக்காமல் எழுதுவது நெடுக்கச் சூத்திரத்தைத்தான் (நெடுக்கம் என்பது பொருள் கிடைத்தளத்தில் கடக்கும் தூரம்): வேகத்தின் வர்க்கத்தை இருமடங்குக் கோணத்தின் சைனால் பெருக்கி, ஈர்ப்பு முடுக்கத்தால் வகுப்பது. சூத்திரத்தில் குறையில்லை. ஆனால் எறிந்த மட்டத்திலேயே பொருள் வந்து விழுந்தால்தான் அது பொருந்தும். மெரினா மணலில் எறிந்து மணலில் விழும் பந்துக்குச் சரி. மாம்பலத்து மொட்டை மாடியிலிருந்து தெருவுக்கு வரும் பந்துக்குச் சரிவராது.

ஒரு கணக்கு. 15 மீட்டர் உயர மாடி. கிடைத்தளத்துக்கு மேலே 30° கோணத்தில், 20 மீ/வி வேகத்தில் பந்து புறப்படுகிறது. சுவரடியிலிருந்து எவ்வளவு தள்ளி விழும்? ஈர்ப்பு முடுக்கம் 10 மீ/வி². (சென்னையில் அது ஏறக்குறைய 9.78, தேர்வில் கொடுத்த மதிப்பையே போடுங்கள்.)

சூத்திரம் 34.6 மீட்டர் என்கிறது. அந்த இடத்தில் பந்து மறுபடி மாடி மட்டத்துக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். தரைக்கு இன்னும் 15 மீட்டர் இருக்கிறது.

முதலில் படம் போட்டு, மேல்நோக்கிய திசை பிளஸ் என்று அம்புக்குறி இடுங்கள். அடுத்து வேகத்தைப் பிரியுங்கள். கிடைத்தளக் கூறு 20 × காஸ் 30° = 17.3 மீ/வி, கடைசிவரை மாறாது. செங்குத்துக் கூறு 20 × சைன் 30° = 10 மீ/வி; ஒவ்வொரு வினாடியும் 10 குறையும். இரண்டையும் இணைப்பது நேரம் ஒன்றுதான். அதைச் செங்குத்துப் பக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும், ஏனென்றால் எப்போது தரை வரும் என்பதை முடிவு செய்வது அந்தப் பக்கம்.

தரை, மாடிக்கு 15 மீட்டர் கீழே. ஆகவே இடப்பெயர்ச்சி மைனஸ் 15 (கீழே வரும் 5, ஈர்ப்பு முடுக்கத்தில் பாதி):

−15 = 10 × நேரம் − 5 × நேரம்²

சுருக்கினால்: நேரம்² − 2 × நேரம் − 3 = 0. விடைகள் 3, −1. மூன்று வினாடி, 17.3 × 3 = 52 மீட்டர்.

மதிப்பெண் போவது பெரும்பாலும் அந்த மைனஸில்தான். 15-ஐ பிளஸாகப் போட்டால் வர்க்கமூலத்துக்குள் எதிர்ம எண் வந்து நிற்கும். மாடிக்கு மேலே 15 மீட்டரை பந்து எப்போது தொடும் என்று கேட்டுவிட்டீர்கள். அது 5 மீட்டருக்கு மேல் ஏறாது, அதனால் விடையே இல்லை. இந்தப் பிழை தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இன்னொன்று அப்படியல்ல. 15 = 10 × நேரம் + 5 × நேரம்² என்று எழுதினால் நேரம் அழகாக 1 வினாடி என்று வரும், சந்தேகமே எழாது. ஆனால் அது பந்தை 30° கீழ்நோக்கி எறிந்தவருக்கான விடை, 17.3 மீட்டரிலேயே விழுந்துவிடும்.

அந்த −1-ஐயும் குப்பை என்று அடித்துவிட வேண்டாம். இதே பாதையைப் பின்னோக்கி நீட்டினால், ஒரு வினாடிக்கு முன்பு பந்து தரையிலிருந்து கிளம்பியிருக்கும் என்று அர்த்தம்.

சரிபார்க்க ஆற்றல் அழிவின்மை போதும். தரையைத் தொடும் வேகத்தின் வர்க்கம் 400 + 2 × 10 × 15 = 700. கூறுகள் வழியே பார்த்தால், கிடைத்தளம் 17.3, செங்குத்து 10 − 30 = −20; வர்க்கங்களின் கூடுதல் 300 + 400. பொருந்துகிறது. வேகம் 26.5 மீ/வி, மணிக்கு 95 கிலோமீட்டர். ஆனால் எச்சரிக்கை: கீழ்நோக்கி எறிந்தாலும் இதே 700தான் வரும். ஆகவே குறிப் பிழை இந்தச் சோதனையில் சிக்காது. படத்தைத்தான் திரும்பப் பார்க்க வேண்டும்.

45°-ல்தான் அதிக தூரம் என்பதும் சமமட்டத்துக்கு மட்டுமே. இதே மாடியில் 45°-ல் எறிந்தால் 51.6 மீட்டர், 30°-ஐவிடச் சற்றுக் குறைவு. அதிகபட்சம் 37° வாக்கில், ஏறத்தாழ 52.9 மீட்டர். மாடி உயர உயர அந்தக் கோணம் இன்னும் தாழும்.

நிஜத்தில் எறிந்து அளக்க ஆசைப்படுபவர்களுக்கு: டென்னிஸ் பந்து 52 மீட்டர் போகாது. 20 மீ/வி வேகத்தில் அதன்மீதான காற்றுத் தடை, பந்தின் எடையில் முக்கால் பங்கு அளவுக்கு வரும். மாலைக் கடற்காற்று எதிரே வீசினால் இன்னும் கூடும். கேள்வியில் 'காற்றுத் தடையைப் புறக்கணிக்க' என்று இல்லாவிட்டாலும் விடையின் முதல் வரியில் அதை நீங்களே எழுதிவிடுங்கள்.