நாற்பதுக்குப் பின் ஓட்டம்: “மனம் வருதில்லை” என்ற முறைப்பாட்டைப் பரிசோதித்தல்

திருகோணமலையில் இயன்மருத்துவராகப் பணியாற்றும் எனக்கு, முழங்கால் வலிக்கும் இடுப்பு வலிக்கும் அடுத்தபடியாக அதிகம் கேட்கக் கிடைக்கும் முறைப்பாடு ஒரு வலியே அல்ல. “ஓட வேண்டும் என்று தெரியும் மிஸ், டொக்டரும் சொல்லிப்போட்டார், ஆனால் விடிய எழும்ப மனம் வருதில்லை” என்பதுதான் அது. சொல்பவர்கள் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள். சீனியோ பிரஷரோ எல்லையைத் தொட்டுவிட்டதாக ரிப்போர்ட்டில் கண்டு, ஒரு திங்கட்கிழமை தொடங்கி அடுத்த திங்கட்கிழமைக்குள் நிறுத்தியவர்கள். தமக்குச் சோம்பல் என்று அவர்களே தீர்ப்பும் எழுதிக்கொண்டு வருகிறார்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் நாலு உற்சாக வார்த்தைகள் சொல்லி அனுப்புவதுண்டு. அவை வீட்டுப் படலையைத் தாண்டும் முன்பே தீர்ந்துவிடும். இப்போது அந்த முறைப்பாட்டையும் ஒரு வலியைப் போலவே எடுத்துக்கொள்கிறேன். எப்போது தொடங்கியது, எந்த நேரத்தில் கூடுகிறது, அதற்கு முதல் நாள் என்ன செய்தீர்கள் என்று விசாரித்தால், சோம்பலைத் தவிர வேறு ஏதோ ஒன்று அநேகமாக வெளியே வந்துவிடுகிறது.

ஒருவரை எடுத்துக்கொள்கிறேன், அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். வயது 47, வங்கியில் வேலை, பாடசாலைக் காலத்தில் இல்ல விளையாட்டுப் போட்டிகளில் 800 மீற்றர் ஓட்டத்தில் எவருக்கும் இடம் கொடுக்காதவர். உட்துறைமுக வீதியில் மூன்று நாள் ஓடினார், நான்காம் நாள் கெண்டைக்காலில் யாரோ கல்லால் எறிந்தது போல ஒரு வலி, அதோடு சரி. ஓடிய சப்பாத்தைக் கொண்டுவரச் சொன்னேன். பல வருடங்களுக்கு முன் வாங்கி அலுமாரியில் வைத்திருந்ததாம்; மேற்பக்கம் புதிது போலவே இருந்தது. ஆனால் அடிப்பாகத்தின் ஓரத்தை விரலால் நெம்பியபோது காய்ந்த பாண் போல உதிர்ந்தது. கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் சில வகைச் சப்பாத்துகளின் அடிப்பஞ்சு போடாமல் வைத்திருந்தாலும் இப்படி உளுத்துப்போகும். அவருக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு வரவில்லை. ஏனெனில் அவர் அந்தப் பழைய சப்பாத்தோடு சேர்த்துத் தம் பதினேழு வயது வேகத்தையும் அலுமாரியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு போயிருந்தார்.

பயிற்சி இல்லாத உடல் ஒட்சிசனை உள்வாங்கிப் பயன்படுத்தும் உச்சத் திறன், முப்பது வயதுக்குப் பின் பத்தாண்டுக்குச் சுமார் 10 வீதம் குறைந்துகொண்டே போகிறது. ஆகவே 47 வயதுக்காரர் ஒருவர் “மெதுவாகத்தான் ஓடினேன்” என்று நினைக்கும் வேகம், அவருடைய இன்றைய உடலுக்குப் போட்டி வேகமாக இருக்கலாம். மூச்சு ஈடுகொடுக்க முடியாத அந்த எல்லையைத் தாண்டியதும், ஓடுபவர் எவ்வளவு மனவுறுதி உள்ளவராக இருந்தாலும், ஓட்டத்தின் இன்பம் குறைந்து அவதி ஏறத் தொடங்குகிறது. மூன்று நாள் தொடர்ந்து அவதிப்பட்ட உடல் நான்காம் நாள் படுக்கையை விட்டு எழும்ப மறுப்பதைச் சோம்பல் என்று சொல்வது, சூடு பட்ட கையை அடுப்பிலிருந்து இழுத்துக்கொள்வதைக் கோழைத்தனம் என்று சொல்வதைப் போன்றது. என் அனுபவத்தில் “மனம் வருதில்லை” என்பவர்களுள் பாதிக்கு மேற்பட்டவர்களின் நோய் வேகம்தான்.

அதற்கு மருந்தாக நான் கொடுப்பது ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை, மீண்டும் ஒரு நிமிட ஓட்டம் என மொத்தம் இருபது நிமிடங்கள். வேகத்தை அளக்க மணிக்கூடு தேவையில்லை. அவர் கோணேசர் கோயிலுக்கு வெள்ளிதோறும் போகிறவர் என்பதால், ஓடிக்கொண்டே ஒரு தேவாரத்தை வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். வரிக்கு வரி மூச்சு வாங்கினால் வேகம் அதிகம், பாடவே முடிகிறது என்றால் கொஞ்சம் கூட்டலாம். இன்னொரு நிபந்தனையும் உண்டு: இன்னும் ஐந்து நிமிடம் ஓடலாம் போலிருக்கிறது என்று தோன்றும்போதே நிறுத்திவிட வேண்டும். பந்தியில் வயிற்றில் சற்று இடம் விட்டு எழும்புகிறவருக்கு அடுத்த வேளை பசி எடுப்பது போல, மிச்சம் வைத்து வீடு திரும்புகிறவருக்கே மறுநாள் கால் வெளியே இழுக்கும். அவருக்கு இதில் கஷ்டமாக இருந்தது ஓட்டமல்ல, இடையில் வரும் நடை. வங்கியில் தெரிந்த முகங்கள் மோட்டார் சைக்கிளில் கடந்து போகும்போது ஓடுகிறவராகத் தெரிவது கௌரவம், நடக்கிறவராகத் தெரிவது குறைவு என்று அவர் நினைத்தார். முதல் மூன்று வாரத்துக்கு ஆட்கள் குறைந்த பாதையைத் தேடிக்கொண்டார். அதில் தவறொன்றும் இல்லை.

வேகம் காரணமில்லாத இடங்களில் இன்னும் கவனமாகக் கேட்க வேண்டியிருக்கிறது. ஐம்பதை நெருங்கும் ஓர் ஆசிரியை, தம் மச்சாளோடு டச்பே கடற்கரைப் பக்கம் போய்வந்தவர், இரண்டு கிழமையில் நிறுத்திவிட்டு அதே வசனத்தைச் சொன்னார். நேரம் இருந்தது, துணை இருந்தது, வலி இல்லை. கதவைச் சாத்திவிட்டு மெல்லக் கேட்டபோதுதான், ஓடும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிவதாகச் சொன்னார்; மச்சாளுக்குக்கூடத் தெரியாது. பிள்ளைப்பேற்றினாலும், மாதவிடாய் நிற்கும் காலத்தின் மாற்றங்களாலும் இடுப்பின் அடித்தளத் தசைகள் தளர்வதால் இது வருகிறது. பெண்கள் ஓட்டத்தைக் கைவிடுவதற்கு இது எவ்வளவு பொதுவான காரணமோ, அவ்வளவுக்குப் பேசப்படாத காரணமும் ஆகும். இதை வயதின் விதி என்று பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. சிறுநீரை அடக்குவது போல அந்தத் தசைகளை உள்ளிழுத்துப் பிடித்துவிடும் பயிற்சியை, ஒரு தடவைக்குக் குறைந்தது எட்டு முறை வீதம் நாளொன்றுக்கு மூன்று தடவைகள், குறைந்தது மூன்று மாதங்கள் செய்வதே இதற்கான முதற்சிகிச்சை; சரியான தசையைத்தான் இழுக்கிறோமா என்பதை ஆரம்பத்தில் ஒருவரிடம் காட்டிக் கற்றுக்கொள்வது நல்லது. அதுவரை அவரை விறுவிறு நடையில் வைத்திருந்தேன். அவர் மீண்டும் ஓடத் தொடங்கியது நான்காம் மாதத்தில்.

“தினமும்” என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் அந்தச் சொல்லும் பலரை விழுத்தியிருக்கிறது. தசையும் இதயமும் சில கிழமைகளில் பழகிக்கொள்ளும். குதிக்காலுக்கு மேலுள்ள தசைநாண் போன்றவை அதைவிட மிக மெதுவாகவே பழகும், ஓர் ஓட்டத்தின் சுமையிலிருந்து மீள ஒரு நாளுக்கு மேலும் எடுக்கும். ஆகவே தினமும் செய்ய வேண்டியது வெளியே இறங்குவது. ஓடுவது ஒன்றுவிட்டு ஒரு நாள் போதும், மற்ற நாள் நடை. நீரிழிவு உள்ளவர்களுக்கு நான் கடுமையாகச் சொல்வது, தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் சும்மா இருக்க வேண்டாம் என்பதே. பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும் நிலை ஓரிரு நாளில் மங்கிவிடும். ஒரு நாள் தவறியது பற்றி எவரும் ஒப்பாரி வைக்க வேண்டியதில்லை. 2010ஆம் ஆண்டு வெளிவந்த இலண்டன் ஆய்வொன்றில் 96 பேர் தாம் தெரிந்தெடுத்த ஒரு செயலை நாளாந்தப் பழக்கமாக்க முயன்றார்கள். பழக்கம் படிய நடுத்தரமாக 66 நாட்கள் எடுத்தன, ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை கணிக்கப்பட்டது, இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கத்தைப் பெரிதாகக் குலைக்கவில்லை. இருபத்தொரு நாளில் எல்லாம் மாறிவிடும் என்று நம்பி இருபத்திரண்டாம் நாள் மனமுடைந்தவர்களுக்கு இந்த இலக்கங்களை நான் எழுதியே கொடுப்பதுண்டு.

நமது ஊரின் காலநிலையும் தன் பங்கைக் கேட்கும். ஆறு மணியை ஒட்டி விடிந்துவிடும்; கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் ஏழு மணிக்குப் பிறகு ஓடுவது உடம்பைச் சுடுவதுதான். வாடை மழைக்காலத்துக்கு வீட்டுக்குள் செய்யக்கூடிய மாற்று ஒன்றை, படியேறி இறங்குவதையாவது, முன்கூட்டியே தீர்மானித்து வையுங்கள். பலருடைய ஓட்டம் மார்கழியில்தான் நின்றுபோகிறது. கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஓடுவது இதமாக இருக்கும், ஆனால் இளகிய மணல் கெண்டைக்காலுக்குக் கூடுதல் வேலை கொடுக்கும். நீரிழிவால் பாதத்தில் உணர்வு குறைந்தவருக்குப் போத்தல் ஓடு குத்தியதும் தெரியாது. கோட்டை வாசலிலிருந்து கோயிலுக்கு ஏறும் பாதையை நடப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள், மான்களையும் பார்க்கலாம்.

நீண்ட இடைவெளிக்குப் பின் தொடங்குகிறவர்கள், குறிப்பாகப் புகைப்பவர்களும் குடும்பத்தில் மாரடைப்பு உள்ளவர்களும், முதலில் வைத்தியரிடம் பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் பார்த்து, தேவையென்றால் ஈசிஜியும் எடுத்துவிட வேண்டும். ஓடும்போது நெஞ்சு இறுகினாலோ, இடது தோளுக்கோ தாடைக்கோ வலி பரவினாலோ, தலை சுற்றினாலோ நின்றுவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். அதை மனவுறுதியால் கடக்கக்கூடாது. இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் ஓடலாமா என்பதை வைத்தியரிடம் கேட்டு முடிவெடுங்கள், சட்டைப்பையில் இனிப்பும் இருக்கட்டும்.

வங்கிக்காரர் ஐந்து மாதம் கழித்து மீண்டும் வந்தார், இம்முறை கணினிக்கு முன்னால் இருந்து வந்த கழுத்து வலியோடு. ஓட்டத்தைப் பற்றி நான்தான் கேட்க வேண்டியிருந்தது; குளிக்கிறீர்களா என்று கேட்டது போல, “ஓம், போறனான்” என்றார். போகும்போது நின்று, தம் மனைவியும் வரப் போவதாகவும் அவருக்கு என்ன மாதிரிச் சப்பாத்து வாங்குவது என்றும் கேட்டார். பாதம் சற்று வீங்கியிருக்கும் பின்னேரத்தில் கடைக்குப் போகும்படியும், நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விடும்படியும், விலைக்கழிவில் கிடைக்கும் பழைய இருப்பை எடுத்தால் அடியை விரலால் நெம்பிப் பார்க்கும்படியும் எழுதிக் கொடுத்தேன்.