பாட்டிலில் குமிழ் வருவது நிற்க வேண்டும்

“நுரையீரல் கேன்சரில் கத்தி பட்டால் பரவிவிடும் என்கிறார்களே?” என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர்.

பரவாது. காசநோய் என்று தவறாக நினைத்து, அதற்கான மாத்திரையில் மாதக்கணக்கைத் தொலைத்து, பரவிய பிறகு வருகிறவர்கள் நம்மிடையே அதிகம். பழி கத்திமேல் விழுகிறது. 2 செ.மீ.க்கு மிகாத கட்டியுள்ள 1,106 பேரிடம் ஜப்பானியர்கள் செய்த ஆய்வு 2022இல் வெளியானது. கதுப்பை, அதாவது நுரையீரலின் ஒரு பெரிய பிரிவை, முழுதாக எடுத்தவர்களில் 91.1 சதவீதமும், கதுப்பின் ஒரு துண்டத்தை மட்டும் எடுத்தவர்களில் 94.3 சதவீதமும் 5 ஆண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள். ஆனால் துண்டம் மட்டும் எடுத்தவர்களில் 10.5 சதவீதம் பேருக்கு நோய் அதே பகுதியில் திரும்பியது, மற்றவர்களில் 5.4.

மூச்சுக்கு என்ன ஆகும்? இரு நுரையீரலிலும் சேர்த்து 19 துண்டங்கள் என்பது டாக்டர்களின் கணக்கு. வலது கீழ்க்கதுப்பில் 5. மூச்சை நிறைய இழுத்து வேகமாக ஊதும்போது முதல் நொடியில் 2 லிட்டர் ஊதுகிறவருக்கு அந்தக் கதுப்பை எடுத்தால் 2 × 14/19, சுமார் 1.47 லிட்டர். மிச்ச நுரையீரல் விரிந்து, உதரவிதானமும் சற்று மேலேறி, காலியிடம் நிரம்பும். சில மாதத்தில் கணக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஊதுவார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு நெஞ்சுக்குள் சேரும் காற்றையும் நீரையும் வெளியேற்ற ஒரு குழாய் போட்டு, தண்ணீர் உள்ள பாட்டிலில் விடுவார்கள். நுரையீரல் விரிகிறதா என்பதைக் கட்டிலுக்குக் கீழே இருக்கும் அந்தப் பாட்டிலே சொல்லிவிடும். நெஞ்சுக்குள்ளிருந்து வரும் குழாயின் நுனி தண்ணீருக்குள் 2 செ.மீ. மூழ்கியிருக்கும். காற்று வெளியே வரலாம், திரும்ப உள்ளே போக முடியாது. எவ்வளவு எளிய வால்வு! மூச்சை இழுத்தால் குழாயில் தண்ணீர் ஏறும், விட்டால் இறங்கும். இருமினால் மட்டும் குமிழ் வந்தால் நுரையீரலிலிருந்து வரும் காற்றுக் கசிவு சின்னது. ஓயாமல் வந்தால் கசிவு பெரிது, அல்லது குழாய் இணைப்பு தளர்ந்திருக்கிறது. ஏற்றஇறக்கமே நின்றால் நுரையீரல் முழுதாக விரிந்துவிட்டது, அல்லது குழாய் மடங்கி அடைத்திருக்கிறது. நோயாளி குழாயின்மேல் படுத்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். புகைத்துப் புகைத்து நைந்த நுரையீரலில் வெட்டிய ஓரத்தை மூட ஸ்டேப்ளர் போடுவது நனைந்த அப்பளத்தைத் தைப்பது போல. தையலோரம் கிழிந்து கசியும். 5 நாளைத் தாண்டினால் அது நீடித்த கசிவு.

எக்ஸ்ரேவுக்குப் போகும்போதுதான் தவறு நடக்கும். பாட்டிலைத் தூக்கி வயிற்றின்மேல் வைத்தால் தண்ணீர் நெஞ்சுக்குள் போகும். குமிழ் விடும் குழாயை க்ளாம்ப் போட்டு அடைத்தால் காற்று உள்ளே சேர்ந்து இதயத்தையே அழுத்தும். பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழே, குழாய் திறந்தபடி.

இருமினாலும் குமிழ் வராமல், எக்ஸ்ரேயில் நுரையீரல் விரிந்திருந்து, வடியும் நீரும் குறைந்தால், மூச்சை அடக்கச் சொல்லி ஒரே இழுப்பில் குழாயை உருவிவிடுவார்கள்.