தென்காசியிலிருந்து வள்ளியூருக்கு ஏன் பிங் போகவில்லை?

ஃபிரேம் ரிலே (தூரத்து ரூட்டர்களை மெய்நிகர் சர்க்யூட்டுகளால் இணைக்கும் பழைய முறை) லேப் ஒன்று போட்டு, பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைப் பாக்கெட்) அடித்துப் பார்ப்போம். ரூட்டர்களுக்கு நம்ம ஊர்ப் பெயர்களையே வைப்போம்: நடுவில் நெல்லை, கிளைகளாகத் தென்காசியும் வள்ளியூரும். மூன்றுக்கும் ஒரே சப்நெட் (ஒரே முகவரித் தொகுதி), நெல்லைக்கு 10.1.1.1, தென்காசிக்கு 10.1.1.2, வள்ளியூருக்கு 10.1.1.3. படத்தில் பார்த்தால் மூன்றையும் ஒரே சுவிட்சில் செருகியது மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே இருப்பது இரண்டே சர்க்யூட். தென்காசிக்கும் வள்ளியூருக்கும் நடுவே எதுவும் கிடையாது. நெல்லை வேய்ந்தான்குளம் பேருந்து நிலையத்தில் இறங்கி வண்டி மாறுவது போல எல்லாம் நெல்லை வழியாகத்தான் போக வேண்டும்.

ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் ஒரு டிஎல்சிஐ எண் உண்டு. அது அந்த முனையில் மட்டும் செல்லுபடியாகும் அடையாள எண். நெல்லையில் 102 என்பது தென்காசிப் பக்கம் 201 ஆக இருக்கலாம். எதிர்முனையின் ஐபி முகவரியை இன்வர்ஸ் ஆர்ப் என்ற நெறிமுறை தானாகக் கேட்டு அறிந்து, எந்த ஐபி எந்த டிஎல்சிஐயில் என்று மேப்பில் குறித்துக்கொள்ளும். ஆனால் சர்க்யூட்டின் மறுமுனையில் இருப்பவரிடம்தான் அது கேட்கும். அதனால் தென்காசிக்கு நெல்லையைத் தெரியும், வள்ளியூரைத் தெரியாது.

இப்போது ரூட்டர்கள் தங்களுக்குள் வழிகளைப் பகிர்ந்துகொள்ள உதவும் இஐஜிஆர்பி என்ற ரூட்டிங் நெறிமுறையை ஓட விடுங்கள். நெல்லையின் ரூட்டிங் டேபிளில் இரண்டு கிளைகளின் லேனும் (கிளையின் உள்வலையமைப்பு) இருக்கும். தென்காசியில் பார்த்தால் வள்ளியூர் லேன் இருக்காது. இது ஸ்பிளிட் ஹொரைசன் வேலை: ஓர் இன்டர்ஃபேஸில் கற்ற வழியை அதே இன்டர்ஃபேஸில் திருப்பிச் சொல்லக் கூடாது என்ற விதி. சுழல் வராமல் தடுக்கத்தான் அது இருக்கிறது. இங்கோ இரண்டு சர்க்யூட்டும் நெல்லையின் ஒரே இன்டர்ஃபேஸில் வந்து சேர்வதால் நல்ல செய்தியும் நின்றுவிடுகிறது. நெல்லையின் அந்த இன்டர்ஃபேஸில் மட்டும் இஐஜிஆர்பிக்கு அதை அணைத்தால் வழி வந்துவிடும்.

சரி, வழி வந்தாச்சு. தென்காசி ரூட்டரிலிருந்து வள்ளியூர் லேனுக்குப் பிங் அடித்தால் இன்னும் போகாது. பலர் இங்கேதான் ரூட்டிங்கைச் சந்தேகித்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி எழுதுகிறார்கள். அழிக்காதீர்கள். தென்காசி லேன் முகவரியை மூல முகவரியாக (source, அனுப்புபவர் முகவரி) கொடுத்து அதே பிங்கை அடித்துப் பாருங்கள்: போகும். மூல முகவரி கொடுக்காதபோது பாக்கெட் 10.1.1.2 என்ற முகவரியோடு கிளம்புகிறது. அது வள்ளியூர் வரை ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது. பதில்தான் திரும்புவதில்லை, ஏனென்றால் 10.1.1.2 எந்த டிஎல்சிஐயில் இருக்கிறது என்று வள்ளியூருக்குத் தெரியாது. டீபக் (ரூட்டர் செய்வதை நேரலையில் காட்டும் கட்டளை) போட்டால் ‘என்கேப்சுலேஷன் ஃபெயில்டு’, அதாவது எந்தச் சர்க்யூட்டில் அனுப்புவது என்று தெரியாததால் பாக்கெட்டை உறையிட முடியவில்லை என்று வள்ளியூர் சொல்லும். ஆக, இது ரூட்டிங் கோளாறே இல்லை, மேப் கோளாறு. ‘ஷோ ஃபிரேம் ரிலே மேப்’ பார்த்தால் விட்டுப்போன வரி தெரிந்துவிடும்.

அதற்குக் கையால் மேப் எழுத வேண்டும், இரண்டு கிளைகளிலும். தென்காசியில் 10.1.1.3-க்கும் அதே 201தான்.

அப்புறம் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு டிஎல்சிஐக்குக் கையால் ஐபி மேப் எழுதினால், அதில் ஐபிக்கான இன்வர்ஸ் ஆர்ப் நின்றுவிடும். முன்பே கற்ற நெல்லை மேப் அப்போதைக்கு இருப்பதால் எல்லாம் ஓடும். ரூட்டரை அணைத்துப் போட்டதும் நெல்லையே காணாமல் போகும். எனவே நெல்லைக்கான மேப்பையும் சேர்த்தே எழுதுங்கள், கடைசியில் ‘பிராட்காஸ்ட்’ என்ற சொல்லோடு. அந்தச் சொல் இல்லாவிட்டால் பிங் போகும், ஆனால் 224.0.0.10 என்ற குழு முகவரிக்குப் போகிற இஐஜிஆர்பி ஹலோ (பக்கத்து ரூட்டரைக் கண்டறியும் செய்தி) போகாது. எழுதியதைச் சேமித்து, ரூட்டர்களை ஒருமுறை ரீலோடு செய்த பிறகு அடிக்கிற பிங்கைத்தான் நம்பலாம்.